பீஸ் ஆற்றில் கிடைத்த மூன்று துண்டுகள்: மாமத்தா, மாஸ்டடானா, அல்லது வெறும் மரமா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் இருக்கிறோம். போன சனிக்கிழமை மகளை (9 வயது) கூட்டிக்கொண்டு ஆர்கேடியாவில் பீஸ் ஆற்றில் இறங்கிச் சல்லடை போட்டோம். புதைபடிவமான சுறாப்பல் நாலு கிடைத்தால் போதும் என்றுதான் போனோம். கிடைத்ததைப் பார்த்து ராத்திரி பூரா தூக்கமில்லை. படம் கீழே போட்டிருக்கிறேன், வெளிச்சம் சரியில்லை, அதனால் எழுதியும் சொல்லிவிடுகிறேன்.

முதல் துண்டு தட்டையானது, கறுப்பு. 9 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், கனம் 1 செ.மீ. இருக்கும். ஒரு ஓரம் மட்டும் விரல்களை மூடி வைத்த கைபோல நாலைந்து உருண்டை நுனிகளாக முடிகிறது. இரண்டாவது, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு, பளபளவென்று கரும்பழுப்பு நிறம், உடைந்த பக்கத்தில் அந்தப் பளபளப்பு ஒரு தடித்த ஓடு மாதிரித் தெரிகிறது. மூன்றாவது 14 செ.மீ. நீளத்தில் மரப்பட்டை போல ஒன்று, பக்கவாட்டில் அடுக்கடுக்காகப் பிரிகிறது.

முதல் இரண்டும் மாமத் (அழிந்துபோன பனியுக யானை) பல் என்று கூட வந்த நண்பர் சொன்னார். மூன்றாவதைப் போனில் ஒரு செயலியில் காட்டினால் கல்லான மரம் என்கிறது. கரையில் இருந்த ஒரு பெரியவரோ பார்த்தவுடன் கடற்பசு விலா எலும்பு என்றார். யாரை நம்புவது? மகள் இதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பேசப் போகிறாள், தப்பாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மதுரையில் வளர்ந்தவள் நான். கோயில் யானையிடம் எத்தனையோ தடவை ஆசி வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் வாய்க்குள் பல் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. (அனுமதி அட்டை எடுத்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்கினோம்.)

சல்லடைக்காரர்:

அட்டை எடுத்துவிட்டுப் போனது ரொம்பச் சரி. புதியவர்கள் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: இங்கே ஆற்றுப்படுகை மாநிலத்துக்குச் சொந்தம். சுறாப்பல்லுக்கு அனுமதி வேண்டாம். மற்ற முதுகெலும்பு விலங்குகளின் புதைபடிவம் எடுக்க ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதி வேண்டும், கட்டணம் சொற்பம்தான்.

பதினோரு வருடமாக இந்த ஆற்றில் சல்லடை போடுகிறேன். பல்லைப் பற்றி என்னால் சொல்ல முடியும், மூன்றாவது துண்டை வேறு யாராவது பார்க்கட்டும்.

முதலில் ஒன்று. இந்த ஆறு பல காலத்து மண்ணையும் சேர்த்து அரித்து ஒரே இடத்தில் கொட்டுகிறது. கோடி வருடத்துக்கு முந்தைய கடற்பசு எலும்பும் பத்துப் பதினைந்தாயிரம் வருடத்துப் பனியுக மாமத் பல்லும் ஒரே சல்லடையில் வரும். அதனால் பக்கத்தில் என்ன கிடைத்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நிறத்தையும் நம்பாதீர்கள், பாஸ்பேட் மண்ணில் கிடந்தால் எல்லாமே கறுத்துப் போகும். பல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

மாமத்தின் கடைவாய்ப்பல்லை இப்படிக் கற்பனை செய்யுங்கள்: ஒரு கட்டு அப்பளத்தைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி, இடையில் இடையில் மாவைத் தடவி ஒட்டினால் எப்படி இருக்கும், அதுதான். ஒவ்வொரு அப்பளமும் ஒரு தட்டு. தட்டின் வெளியே எனாமல் என்ற கெட்டி ஓடு, உள்ளே டென்டின் என்ற பற்பொருள், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒட்டும் மாவு மாதிரி சிமென்டம். மேலே தேயத் தேய எனாமல் மட்டும் கொஞ்சம் தூக்கலாக நிற்கும், கொத்திய அம்மி மாதிரி, அதில்தான் புல்லை அரைக்கும். இந்த மூன்றில் சிமென்டம் ரொம்ப மென்மை. ஆற்றில் உருண்டால் அது கரைந்து, தட்டுகள் தனித்தனியாகக் கழன்றுவிடும். பீஸ் ஆற்றில் முழு மாமத் பல் எடுத்தவர்கள் குறைவு, ஒற்றைத் தட்டு எடுத்தவர்கள் நிறையப் பேர்.

உங்கள் முதல் துண்டு அப்படிப்பட்ட ஒற்றைத் தட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. விரல் மாதிரியான நுனிகள்தான் அதற்கு அடையாளம். அந்த நுனிகள் தேயாமல் இருக்கின்றன என்றால் அந்தத் தட்டு இன்னும் அரைக்கும் வேலைக்கே வரவில்லை. யானைக்கு நம்மைப் போலப் பல் கீழிருந்து மேலே முளைத்து மாறுவதில்லை. தாடையின் பின்பக்கம் உருவாகி, மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வந்து, முன்பக்கம் தேய்ந்து உதிரும். ஒவ்வொரு பக்கத் தாடையிலும் ஆயுளுக்கு ஆறு பல்தான். ஆகவே உங்களிடம் இருப்பது பல்லின் பின்பகுதித் தட்டாக இருக்கலாம். உடைந்த ஓரத்தைப் பாருங்கள்: எனாமல், டென்டின், எனாமல் என்று மூன்று அடுக்கு தெரிய வேண்டும். எனாமலின் கனத்தை அளந்து சொல்லுங்கள்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. பனியுக ஃபுளோரிடாவில் பெரிய கேபிபாரா ஒன்று இருந்தது, எலிக் குடும்பத்துப் பெரியண்ணன். அதன் பல்லும் இதே மாதிரி தட்டடுக்குதான், குட்டி மாமத் பல் என்று நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆனால் அதில் தட்டுகள் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான், முழுப்பல்லே உங்கள் ஒரு தட்டைவிடச் சின்னது. 9 செ.மீ. தட்டு கேபிபாராவாக இருக்க வழியே இல்லை.

இரண்டாவது துண்டில் உங்கள் நண்பர் சொன்னது தவறு. மாமத் பல்லில் மேடு கிடையாது. மாஸ்டடான் (யானை வர்க்கத்தில் அழிந்துபோன இன்னொரு விலங்கு) பல்லுக்குத்தான் மேடு உண்டு, பணியாரக் கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இரண்டிரண்டாக உருண்டை மேடுகள், இரண்டு சேர்ந்து ஒரு வரப்பு. நடுப் பற்களில் மூன்று வரப்பு, கடைசிப் பல்லில் நான்கோ ஐந்தோ. எனாமல் தடியாக இருக்கும், மேடுகளுக்கு நடுவில் சிமென்டம் இருக்காது. அது புல் அரைக்கிற விலங்கு இல்லை, கிளையும் சுள்ளியும் கடிக்கிற விலங்கு. இந்த மாநிலத்திலேயே அவுசில்லா ஆற்றின் அடியில் மாஸ்டடான் சாணமும் குடலில் இருந்தவையுமாகக் கடித்துத் துண்டாக்கிய சுள்ளிகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

கோயில் யானை பற்றி எழுதியிருந்தீர்கள். 1725 வாக்கில் தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்தில் சதுப்பு நிலத்தைத் தோண்டும்போது பெரிய பற்கள் சில கிடைத்தன. நோவாவின் வெள்ளத்தில் செத்த ராட்சதர்களின் பல் என்றெல்லாம் படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமைகளாக வேலை செய்தவர்கள் பார்த்தவுடனே யானையின் கடைவாய்ப்பல் என்று சொல்லிவிட்டார்கள். மார்க் கேட்ஸ்பி என்ற இயற்கையாளர் இதை எழுதி வைத்திருக்கிறார். யானையின் வாயைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. அவர்கள் பெயர் ஒன்றுகூட எழுதப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். அமெரிக்காவில் புதைபடிவப் பல்லைச் சரியாக இனம் கண்டவர்களில் அவர்கள் முன்னோடிகள்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். மாமத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நம் ஊர் ஆசிய யானைதான், ஆப்பிரிக்க யானைகூட அதற்கு அடுத்துதான். மாஸ்டடான் கிளை ஏறத்தாழ 2.5 கோடி வருடத்துக்கு முன்பே பிரிந்து போய்விட்டது. அடுத்த முறை மதுரை போனால் பாகனிடம் கேட்டு யானை வாய் திறக்கும்போது பாருங்கள், அதே அப்பளக் கட்டு தெரியும்.

ஓக்கலாவாசி:

சல்லடைக்காரர் சொன்னதில் முதல் துண்டு பற்றி எனக்கு மறுப்பில்லை. இரண்டாவதை இவ்வளவு சீக்கிரம் மாஸ்டடான் என்று முடிக்க வேண்டாம்.

இங்கே ஃபுளோரிடாவிலேயே லெவி மாவட்டத்தில் மான்ட்புரூக் என்ற இடத்தில் 2015இல் கண்டுபிடித்த தோண்டுமிடம் இருக்கிறது, சுமார் 55 லட்சம் வருடத்துக்கு முந்தைய ஆற்றுப்படுகை. அங்கே தன்னார்வலராக மண் கொத்தப் போவேன். 2022இல் அங்கே கோம்பொதேர்கள் (இவையும் யானை வர்க்கத்தில் அழிந்துபோனவை) கூட்டமாக வெளியே வந்தன, ஒரு பெரியதும் பல குட்டிகளும். அதைப் பார்த்த பிறகு தடித்த எனாமல் மேடு ஒன்றைக் கையில் எடுத்தாலே எனக்கு முதல் சந்தேகம் கோம்பொதேர்தான். எனாமல் தடிப்பு இரண்டுக்கும் உண்டு, தடிப்பை வைத்துப் பிரிக்கவே முடியாது.

பிரிப்பது தேய்மானம்தான். கோம்பொதேர் பல்லில் பெரிய மேடுகளோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன மேடுகளும் இருக்கும், பள்ளத்தை அடைத்துக்கொண்டு. மேல்பகுதி தேய்ந்ததும் எனாமல் ஓரம் மூன்று இதழாகத் தெரியும், வில்வ இலை மாதிரி. மாஸ்டடான் தேய்ந்தால் வில்வ இலை வராது, குறுக்கே நீண்ட பட்டையாகத் தெரியும், பள்ளம் சுத்தமாகத் திறந்திருக்கும். உங்கள் மேட்டின் அடிவாரத்தில் இரண்டு பக்கமும் பாருங்கள், சின்னக் கொப்புளம் மாதிரி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? மேலே தேய்ந்திருக்கிறதா?

வைகைக்கரை:

இரண்டு பேருக்கும் நன்றி, மகளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன், அப்பளக் கட்டு என்றதும் சமையலறைக்கு ஓடி ஒரு கட்டை எடுத்துவந்து நிறுத்தி வைத்துப் பார்த்தாள்.

அளந்தேன். முதல் துண்டில் மூன்று அடுக்கும் தெரிகிறது, எனாமல் 2 மி.மீ. இரண்டாவதில் எனாமல் 6 மி.மீ. இருக்கிறது. உச்சியில் கொஞ்சமாகத் தேய்ந்த வட்டம் ஒன்று, காசு அளவு, வில்வ இலை வடிவம் இல்லை. ஒரு பக்க அடிவாரம் வழவழவென்று சுத்தம். மறுபக்கம் உடைந்து போயிருக்கிறது, அங்கே என்ன இருந்தது என்று தெரியவில்லை.

சல்லடைக்காரர்:

2 மி.மீ. என்றால் கொலம்பிய மாமத்துக்குப் பொருந்துகிறது. ஃபுளோரிடா வரை வந்தது அந்த இனம்தான், கம்பளி மாமத் வடக்கே குளிர்ப் பகுதிக்காரர், எனாமலும் மெல்லியது. முழுப்பல் கிடைத்திருந்தால் 10 செ.மீ. நீளத்துக்குள் எத்தனை தட்டு என்று எண்ணியே சொல்லலாம், கம்பளி மாமத்துக்குத் தட்டுகள் நெருக்கமாக இருக்கும்.

இரண்டாவதில் ஓக்கலாவாசி சொன்னதை ஏற்கிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு பக்கப் பள்ளம் சுத்தமாக இருப்பதும் தேய்மானத்தில் இதழ் இல்லாததும் மாஸ்டடான் பக்கம் சாய்கின்றன. ஆனால் உச்சி கொஞ்சம்தான் தேய்ந்திருக்கிறது, மறுபக்கம் இல்லவே இல்லை. ‘மாஸ்டடானாக இருக்கலாம்’ என்று எழுதுங்கள், ‘மாஸ்டடான்’ என்று எழுதாதீர்கள்.

கோவை பல் மருத்துவர்:

தொழிலில் பல் மருத்துவன், பழைய தந்தங்கள் மேல் ஆர்வம் உண்டு. மூன்றாவது துண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தந்தம் என்பது வெட்டுப்பல், கோரைப்பல் அல்ல. ஏறக்குறைய முழுவதும் டென்டின்தான். வளரும்போது உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகக் கூம்பு கூம்பாகப் படியும், கடலைப் பொட்டலக் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கின மாதிரி. அதனால் பழைய தந்தம் உடையும்போது நீளவாக்கில் வளைந்த பட்டைகளாகத்தான் பிரியும், பார்க்க அப்படியே மரப்பட்டைதான். செயலி ஏமாந்ததில் ஆச்சரியம் இல்லை, பக்கவாட்டுப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது உடைந்த முனையை, அதாவது குறுக்குவெட்டு முகத்தை. ஈரத்துணியால் துடைத்து, பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். கல்லான மரம் என்றால் மையத்திலிருந்து வெளியே ஓடும் கதிர்களும் நுண்ணிய துளைகளும் தெரியும். கடற்பசு விலா என்றால் அடர்த்தியாக, மஜ்ஜைக் குழி இல்லாமல், ஒரே கெட்டியாக இருக்கும், அடுக்காகப் பிரியாது. (கடற்பசுக் குடும்பம் என்றால் தூரத்து விஷயம் இல்லை, நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியாவின் சொந்தம்தான்.) தந்தம் என்றால் பாய் பின்னியது போல, வளைந்த கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் கட்டம் தெரியும். ஷ்ரேகர் கோடுகள் என்று பெயர். யானை வர்க்கத்தைத் தவிர வேறு எந்த விலங்கின் தந்தத்திலும் இந்தக் கட்டம் வராது, நீர்யானை, வால்ரஸ், காட்டுப்பன்றி எதிலும் இல்லை.

எங்கள் படிப்பில் ஹன்டர்-ஷ்ரேகர் பட்டைகள் என்று ஒன்று வரும். அது எனாமலில் இருப்பது, இது டென்டினில் இருப்பது. பெயர் ஒன்றாக இருப்பதால் பல் மருத்துவர்களே குழம்புவார்கள், இணையத்தில் தேடும்போது கவனம்.

கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணத்தையும் அளப்பார்கள். வெளி விளிம்பை ஒட்டிய கோடுகளை மட்டும் எடுத்துப் பல இடத்தில் அளந்து சராசரி பார்த்தால், 90 டிகிரிக்குக் கீழ் என்றால் மாமத், 115க்கு மேல் என்றால் இன்றைய ஆசிய அல்லது ஆப்பிரிக்க யானை. நடுவில் வந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இன்றைய யானையின் தந்தத்தை மாமத் தந்தம் என்று பொய் சொல்லி விற்பவர்களைப் பிடிக்க இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள், ஓரிகானில் ஆஷ்லண்டில் இருக்கும் அமெரிக்க வனவிலங்குத் துறைத் தடயவியல் கூடம் இதற்கு வழிகாட்டியே போட்டிருக்கிறது. மாஸ்டடானின் கோணம் மாமத்தைவிட விரிந்தது.

மரத்தச்சன்_67:

எதுவாக இருந்தாலும் முதலில் நல்ல வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிடுங்கள், உதிராமல் இருக்கும்.

கோவை பல் மருத்துவர்:

ஐயா, தயவுசெய்து வேண்டாம். வார்னிஷ் அடித்தால் அந்தக் கோடுகளை அப்புறம் யாரும் பார்க்க முடியாது, மஞ்சளித்து உரியவும் செய்யும். ஆற்றில் ஈரத்தில் கிடந்த தந்தத்தை வெயிலில் வைத்தாலும் பிளந்துவிடும். நிழலில், ஈரத்துணி சுற்றி, காற்று மெதுவாகப் போகிற மாதிரி டப்பாவில் வைத்து, வாரக்கணக்கில் காயவிட வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு உறுதி செய்ய வேண்டுமானால் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துத் தடவலாம், தேவைப்பட்டால் பிறகு கரைத்தும் எடுத்துவிடலாம். ஈரம் இருக்கும்போது தடவினால் வெளுத்துவிடும்.

இரத்தினபுரியான்:

வாசித்துக்கொண்டே வந்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் வேலை செய்தவர். குழிக்குள் மாணிக்கம் இருக்கும் சரளைப் படையை இல்லம் என்று சொல்வார்கள். அதை அள்ளிக் கூடையில் போட்டுக் கழுவும்போது கல்லோடு சேர்ந்து யானைப் பல்லும் எலும்பும் வரும். பி. இ. பி. தெரணியகல என்ற விலங்கியலாளர் அந்தக் குழிகளில் வந்தவற்றைச் சேகரித்துத்தான் இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் இருந்தன என்று காட்டினார். இன்றைக்கு இரண்டும் அங்கே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தது கல் மட்டும்தான். பல் வந்தால் ஓரமாக வைத்துவிடுவாராம், எங்கே வந்தது, எத்தனை அடியில் வந்தது என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. பிள்ளையிடம் சொல்லுங்கள், இடத்தை எழுதி வைக்கச் சொல்லி. அது இல்லாவிட்டால் பல் இருந்தும் பாதிதான்.

வைகைக்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், டப்பாவைத் திறக்க அவ்வளவு நாள் பிடித்தது.

டாக்டர் சொன்னபடி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. துணியால் ஈரம் தொட்டுத் திரும்பப் பார்த்தபோது ஒரு மூலையில், கட்டைவிரல் நகம் அளவு இடத்தில், பாய்ப் பின்னல் தெரிந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார். தந்தம்தான்.

கோணத்தையும் அளந்தோம், ஒரு தடவை 80 வந்தது, அடுத்த தடவை 95, மூன்றாவது தடவை 100. அந்த மூலை வெளி விளிம்புதானா என்றும் எங்களுக்கு உறுதி இல்லை, வெளிப்பக்கம் உரிந்து போயிருக்கிறது. அதனால் மாமத்தா மாஸ்டடானா என்று எழுதவில்லை. மூன்றின் படங்களையும் அளவுகளையும் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கண்டெடுத்ததை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, அவர்களுக்கு ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றால் கொடுத்துவிடுவதாக மகளும் ஒத்துக்கொண்டாள், அரை மணி நேரம் யோசித்த பிறகு.

இரத்தினபுரியான் அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அன்றைக்கே போனில் இருந்த படத்தை வைத்து நாங்கள் நின்ற மணல்திட்டைக் கண்டுபிடித்து எழுதிவைத்தாள். நேற்று பள்ளிக்குக் கொண்டுபோன அட்டைகளில் அவள் கையாலே எழுதியது இது:

1. கொலம்பிய மாமத், கடைவாய்ப்பல்லின் ஒரு தட்டு, இன்னும் தேயாதது.
2. மாஸ்டடானாக இருக்கலாம், பல் மேடு ஒன்று, ஒரு பக்கம் உடைந்தது.
3. தந்தம், யானை வர்க்கம், எந்த இனம் என்று தெரியவில்லை.

மூன்றும் பீஸ் ஆறு, ஆர்கேடியா, பாலத்துக்குத் தெற்கே இரண்டாவது வளைவு, முழங்கால் ஆழம், சரளைக்கு அடியில்.